அஞ்சாம் லைனுக்கு நூத்துக்கு நூறு

பிரஷாந்தன்னு ஒரு மனுசன். ஈப்போவுல பொறந்து, வெளிநாட்டுல ஏதோ ஒரு படிப்பப் படிச்சுட்டு, எங்க ஃபேக்டரிக்கு 'டிஜிட்டல் மாற்றத் தலைவர்'னு வந்து எறங்குனாரு. தலைவராம்லா! கையுறை எப்படி வருதுன்னு கேட்டா, பெட்டிக்குள்ள இருந்து வருதுன்னு சொல்ற ஆளு. முப்பத்தி நாலு வயசு. கழுத்துல கார்டு, கையில டேப்லெட், வாயில எப்பப் பாத்தாலும் "ஜர்னி". நாம எல்லாரும் ஒரு ஜர்னில இருக்கோமாம். நான் தெனம் செமோர்ல இருந்து சுங்கை சிப்புட்டு வரைக்கும் லோரிங்களுக்கு நடுவுல மோட்டார் ஓட்டிட்டு வாரேனே, அதத்தான் ஜர்னின்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எம்பேரு குமுதா. அஞ்சாம் லைன் லீடர். கார்டுலதான் லீடர், ஆளுங்க கூப்பிடறது மண்டோர் அக்கான்னுதான். எனக்குக் கீழ இருபத்தாறு பேரு. எங்க லைன்ல வெள்ளைப் பீங்கான்ல செஞ்ச கை அச்சுங்க ஆயிரக்கணக்குல ஒரு நீளச் சங்கிலியில தொங்கிக்கிட்டே போவும். ரப்பர் பால் தொட்டியில முங்கும், அடுப்புக்குள்ள போயிக் காயும், வெளிய வர்ற எடத்துல பொம்பளைங்க நின்னு கையுறையை உரிச்சுப் போடுவாங்க. சங்கிலி நின்னுச்சுன்னா உள்ள மாட்டுனது பூரா வீணாப் போயி, மறுபடி ஓட்டறதுக்குள்ள ஒரு ஷிப்டே காலியாயிரும். ஆனா நிக்க வேண்டிய நேரத்துல நிக்கலைன்னா யாரோ ஒருத்தரு தலை போயிரும். எப்ப ஓடணும், எப்ப நிக்கணும், அதான் எங்க வேலையே. மத்ததெல்லாம் சும்மா ஜோடனை.

அடுப்பு வாசல்ல நிக்கறவன் தேவன். என்ன விட ரெண்டு வயசு எளையவன், நாப்பத்தேழு. பத்து கேள்வி கேட்டா ஒரு "ம்" வரும். தமிழ்ப் பள்ளியில ஆறாம் வகுப்போட நின்னவன், மலாய் எழுத்தப் பாத்தாலே அவனுக்குத் தலை சுத்தி பூசிங் வந்துரும். பொண்டாட்டி தவறிப் போயி நாலு வருசமாச்சு. மக தினேஸ்வரி காம்பார்ல யுனிவர்சிட்டியில ரெண்டாவது வருசம் படிக்குது. அந்தப் புள்ள படிப்பு முடியற வரைக்கும் அவன் இந்த அடுப்பு வாசல்ல நின்னாகணும், வேற கதி இல்ல.

பிரஷாந்தன் வந்த மூணாவது வாரம் எங்க எல்லாரையும் கேண்டீன்ல கூட்டி வச்சாரு. இனிமே எல்லாரும் போன்ல படிக்கணுமாம். ஆப்ல பன்னண்டு பாடம், பாடத்துக்கொரு பரிட்சை, எல்லாம் மலாய்ல. பாதுகாப்பு, தரம், தலைமைத்துவம், மாற்றத்தை நேசிப்பது எப்படி... இப்படியே போவுது. ஒரு பாடம் முடிச்சா திரையில ஒரு செடி மொளைக்கும், பன்னண்டும் முடிச்சா மரமாயிரும். ஃபேக்டரி நிக்கற எடம் முன்ன ரப்பர் தோட்டம். நெஜ மரத்தையெல்லாம் சாய்ச்சுத் தள்ளிட்டு, போன்ல மரம் வளங்கடான்னா சிரிப்பு வருமா வராதா? ஆனா கடைசியா ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுல சிரிப்பு நின்னு போச்சு. மாசக் கடைசிக்குள்ள முடிக்காதவங்களை ஏஜென்ட்டுக்குக் கீழ மாத்திருவாங்களாம். ஏஜென்ட்டுக்குக் கீழன்னா இன்னிக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது. தேவன் என் மூஞ்சியப் பாத்தான். இருபத்தாறு பேரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க.

பிரஷாந்தன் தாத்தா தோட்டத்துல கணக்கெழுதற கிராணியா இருந்தவராம், அன்னிக்கு அவரே பெருமையாச் சொல்லிக்கிட்டாரு. அப்படிப்பட்ட கிராணிங்க முன்னாடி விடியக்காலையில பெரட்டுல, அதான் ஆளெடுப்பு வரிசையில, நின்னு பேரு குடுத்தவங்கதான் எங்க தாத்தாமாரு. இப்பப் பெரட்டு போனுக்குள்ள வந்துருச்சு, அவ்வளவுதான் டிஜிட்டல்.

அந்தப் பாடம் எல்லாம் எங்கேருந்து வந்துச்சுங்கறீங்க? என்கிட்ட இருந்துதான்! அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம் ரெண்டு நாளு பிரஷாந்தன் என்னை ஏர்கோன் ரூம்ல உக்கார வச்சு, "குமுதா, நீங்கதான் எக்ஸ்பர்ட், எல்லாத்தையும் சொல்லுங்க"ன்னு டேப்லெட்டை என் வாய்க்கு நேரா நீட்டுனாரு. நானும் வெக்கங்கெட்டுப் போயி, நம்மளையும் ஒருத்தரு மதிச்சுக் கேக்கறாரேன்னு, பதினேழு வருசத்து வேலையையும் கொட்டுனேன். பால் தொட்டி நெறம் மாறுனா என்ன பண்ணணும், அச்சு விரிசல் விட்டா எப்படித் தெரியும், எல்லாம்.

"அடுப்புல இருந்து கருகல் வாடை வந்தா?"ன்னாரு.

"ஸ்டாப் பட்டனை அமுக்கணும்."

"யாருகிட்டக் கேட்டுட்டு?"

"யாருகிட்டயும் கேக்காம."

அப்ப அவரு புருவம் ஒரு மாதிரி ஏறுச்சு. நான்தான் கண்டுக்கல.

இந்த எடத்துல எங்க ஆளுங்க பழக்கம் ஒண்ணு சொல்லணும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவ ஒருத்தி இருந்தா, ஊருக்கே பாரம் எழுதறது அவதான். புள்ளையப் பள்ளியில சேக்கற பாரம், கிளினிக் பாரம், ஐசி கார்டு தொலைஞ்சு போன பாரம், கோயில் உபயத்துக்குப் பேரு குடுக்கற பாரம், எல்லாம் என்கிட்டதான் வரும். அதை யாரும் தப்பா நெனச்சதில்ல. சோறாக்கத் தெரிஞ்சவ ஆக்கிப் போடறா, மத்தவங்க சாப்பிடறாங்க, அந்த மாதிரி. ஆப் வந்தப்பவும் அதேதான். பசியாறற நேரத்துல வரிசையா வந்து போனை நீட்டுனாங்க. "அக்கா, இந்தப் பாரத்தக் கொஞ்சம் நெரப்பிக் குடுங்க." அது பரிட்சைன்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும்தான் தோணல, மெத்தப் படிச்சவ எனக்கு!

மொத மூணு பேருக்குக் கேள்வியப் படிச்சுப் பாத்துப் போட்டேன். பாதுகாப்புப் பாடத்துல பதினேழாவது கேள்வி. அடுப்பிலிருந்து கருகல் வாடை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? அ, உடனே லைனை நிறுத்துவேன். ஆ, படம் எடுத்து ஆப்பில் ஏற்றி, மேலாளரின் ஒப்புதல் வரும் வரை காத்திருப்பேன். நான் கண்ண மூடிட்டு 'அ' போட்டேன். சிவப்பு வந்துச்சு. தப்பாம்! என் வாயில இருந்து புடுங்கிட்டுப் போன பாடத்துல நானே தப்பாம்!

விறுவிறுன்னு மாடிக்குப் போனேன்.

"சார், பதினேழாவது கேள்வி மாறிக் கெடக்கு."

"மாறல குமுதா, நாங்கதான் மாத்துனோம்"ன்னாரு, சிரிச்சுக்கிட்டே. "ஆளாளுக்கு இஷ்டப்பட்டப்ப நிறுத்தறதுக்கு இது பஸ்ஸா? ஒவ்வொரு தடவையும் என் டேஷ்போர்டுல லைன் சிவப்பாயிருது. இனிமே முடிவு டேட்டா பாத்து மேல இருந்து வரும். ஆறு நிமிசத்துல பதில் குடுத்துருவோம்."

"ஆறு நிமிசத்துல முட்டையே வெந்துரும் சார்."

"நல்ல ஜோக்"ன்னாரு. அந்த மனுசன் அதை ஜோக்குன்னு எடுத்துக்கிட்டாரு!

நான் கீழ எறங்கி வந்தேன். மறுபடி சண்ட போட்டேனா? இல்ல. தேவன் போனை எடுத்து பதினேழுக்கு 'ஆ' போட்டேன். அடுப்பு வாசல்ல கையுறை உரிக்கற கருப்பம்மாக்காவுக்கு 'ஆ'. இருபத்தாறு பேருக்கும் 'ஆ'. யாரு இதைப் படிக்கப் போறா, ஏதோ அவங்க வேலை நெலைச்சாச் சரின்னு நெனச்சேன். அப்புறம் கேள்வியக் கூடப் படிக்கல, விரலு தானாப் போச்சு. மூணு வாரத்துல எங்க லைன் பூரா பச்சை. நூத்துக்கு நூறு.

அதுக்கு நடந்த கூத்து இருக்கே! 'கற்றலில் முதலிடம்'னு மலேசியா பூரா இருக்கற எங்க கம்பெனி ஃபேக்டரிங்கள்லயே எங்களுக்கு விருது. பிரஷாந்தன் கண்ணாடிக் கேடயத்தப் புடிச்சுக்கிட்டு, "இது என் டீமோட பசி"ன்னு படம் போட்டாரு. எங்களுக்குத் தட்டுல கறிபாப் குடுத்தாங்க, ஆளுக்கு ஒண்ணு. கருப்பம்மாக்காவுக்கு அம்பத்தெட்டு வயசு, கைநாட்டு. அதுக்குத் தலைமைத்துவத்துல சிறப்புத் தேர்ச்சின்னு சான்றிதழ். வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சு, எனக்கே வெளக்கம் சொல்லுது, "குமுதா, லீடருன்னா மொதல்ல கேக்கணும்லா"ன்னு. அட ஆண்டவனே!

அடுத்த மாசம் ஒரு புதன்கிழமை. வெளிநாட்டுல இருந்து கையுறை வாங்கறவங்க ஃபேக்டரியப் பாக்க வந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து லைன் லீடருங்க அஞ்சு பேரையும் ஈப்போவுல ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு அனுப்பி வச்சாரு பிரஷாந்தன். லீடரே இல்லாம லைன் தானா ஓடுதுன்னு வந்தவங்களுக்குக் காட்டணுமாம். ஹோட்டல்ல சின்னப் பொண்ணு ஒண்ணு மைக்கப் புடிச்சுக்கிட்டு, பேப்பர் கப்புல கோபுரம் கட்டச் சொல்லுச்சு. யாரு கோபுரம் ஒசரமோ அவங்கதான் நாளைய தலைவராம். நாப்பது, அம்பது வயசு மண்டோருங்க, தரையில குந்தி கப்பு அடுக்கிக்கிட்டு இருக்கோம். எனக்கு மூட்டு வலி வேற. அப்பத்தான் போன் அடிச்சுச்சு. கருப்பம்மாக்கா.

"குமுதா, தேவன் லைனை நிறுத்திட்டான்லா! வெள்ளக்காரன் ரெண்டு பேரு நிக்கறான். பிரஷாந்தன் மூஞ்சி ஐஸ்ல வச்ச மீனாட்டம் இருக்கு. நீ ஓடியா!"

கோபுரத்த அப்படியே விட்டுட்டுக் கெளம்புனேன். அந்தப் பொண்ணு, "ஆன்ட்டி, நீங்க பாதியில போனா பாயிண்டு கெடையாது"ன்னுச்சு. நீயே வச்சுக்கம்மா பாயிண்டைன்னுட்டு வந்தேன்.

நான் போய்ச் சேந்தப்ப ஃபிட்டர் பத்துமலை சங்கிலியக் கழட்டி வச்சிருந்தாரு. உள்ள ஒரு ஆணி பாதி வெட்டுப்பட்டு, அச்சு ஒண்ணு சாஞ்சு போயி அடுப்புச் செவத்துல ஒரசி, கையுறை கருகியிருக்கு. வந்தவங்க முன்னாடி டேஷ்போர்டு பச்சையா மினுங்கிக்கிட்டு இருந்த நேரம், தேவனுக்கு வாடை தட்டியிருக்கு. போனைத் தொடவே இல்ல. ஓடிப் போயி பட்டனை அமுக்கிட்டான். "இன்னும் ரெண்டு சுத்து போயிருந்தா அறுந்திருக்கும்லா"ன்னாரு பத்துமலை. அறுந்தா எங்க விழும்? வாசல்ல நின்னு உரிச்சுக்கிட்டு இருந்த கருப்பம்மாக்கா தலையிலதான். அந்த எடத்தையும் சங்கிலியையும் மாறி மாறிப் பாத்தேன்.

ஒரு சாதாரண மனுசனா இருந்தா தேவன் கையப் புடிச்சுக் கும்பிட்டிருப்பான். பிரஷாந்தன் என்ன பண்ணாரு? மறுநாள் சூராட்டு குடுத்தாரு. துன்ஜோக் செபாப், அதாவது உன்னை ஏன் வேலைய விட்டுத் தூக்கக் கூடாதுன்னு நீயே காரணம் காட்டுன்னு கேக்கற கடுதாசி. வந்தவங்க முன்னாடி சார் மானம் போயிருச்சாம். ஏழு மணி நேரம் லைன் நின்னுச்சாம். ஒரு ஆளு தலை தப்பிச்சது டேஷ்போர்டுல தெரியாதே, தெரியறதுக்கு அதுல பொத்தான் இல்லையே!

தேவன் அந்தக் கடுதாசியையும் பாரம்னு நெனச்சுக்கிட்டு என்கிட்டத்தான் கொண்டாந்தான். கேண்டீன்ல உக்காந்து படிச்சேன். மலாய்ல தெளிவா எழுதியிருந்துச்சு. 'தாங்கள் பாதுகாப்புப் பாடத்தில் நூறு விழுக்காடு பெற்றுள்ளீர்கள். பதினேழாம் கேள்விக்குச் சரியான விடை அளித்துள்ளீர்கள். ஆகவே விதியை நன்கு அறிந்திருந்தும் வேண்டுமென்றே மீறியுள்ளீர்கள்.' திங்கக்கெழமை விசாரணை. குத்தம் நிரூபணமானா வேலை நீக்கம்.

அந்த நூறு யாரு போட்ட நூறு? நான் போட்டது. அவன் பாட்டுக்குத் தெரியாதவனா இருந்திருந்தா, தெரியாமப் பண்ணிட்டான்னு ஒரு எச்சரிக்கையோட விட்டிருப்பானுங்க. அவனைத் தெரிஞ்சவனா ஆக்குனதே நான்தான். காப்பாத்தறேன்னு சொல்லி அவன் கழுத்துல கயித்த மாட்டி வச்சிருக்கேன். அந்தக் கைய நானே கடிச்சுத் துப்பலாம் போல இருந்துச்சு.

"என்னக்கா போட்டிருக்கு?"ன்னான்.

சொன்னேன். கடுதாசிய வாங்கி நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சான்.

"விசாரணையில நான் உண்மையச் சொல்லிர்றேன்டா. பரிட்சை எழுதுனது நான்னு சொல்றேன். உனக்கு விதியே தெரியாதுன்னு ஆயிரும்ல."

"வேணாங்கா. உங்க வேலை போயிரும்."

அதுக்குள்ள கருப்பம்மாக்கா பக்கத்துல வந்து குந்துச்சு. "குமுதா, அவசரப்படாத. நீ வாயத் தொறந்தா அவன் ஒருத்தனோட நிக்குமா? இருபத்தாறு பேரு சான்றிதழும் பொய்யின்னு ஆயிரும். எனக்கு ரிட்டையராக இன்னும் ரெண்டு வருசந்தான் கெடக்கு, நான் எங்க போவேன்?"

வந்துச்சே எனக்கு ஒரு ஆத்திரம்! "உன் தலைக்காகத்தான அவன் பட்டனை அமுக்குனான்? அந்தத் தலைய வச்சுக்கிட்டே என்கிட்ட இப்படிப் பேசறியே, உனக்கு வெக்கமா இல்ல?"ன்னு கத்திட்டேன். கேண்டீனே திரும்பிப் பாத்துச்சு. கருப்பம்மாக்கா முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அது மேல தப்பு சொல்ல முடியாது. பயந்தவங்க அப்படித்தான் பேசுவாங்க, மூணு வாரம் நானும் அந்தப் பயத்துலதான விரல ஓட்டுனேன்.

திங்கக்கெழமை காலையில, விசாரணைக்கு முன்ன, பிரஷாந்தன் என்னைத் தேடி லைனுக்கே வந்தாரு. வந்த நாள்ல இருந்து அவரு லைனுக்கு வந்தது அதோட ரெண்டாவது தடவை. இதுவரைக்கும் வெறும் குமுதா, அன்னிக்கு மட்டும் "குமுதாக்கா".

"உங்களைச் சாட்சியாத்தான் கூப்பிட்டிருக்கோம். தேவன் பாடத்தை முடிச்சாரா? ஆமா. அவ்வளவு சொன்னாப் போதும். வேற ஒண்ணும் பேச வேணாம்."

"ஒரு ஆளு உயிரக் காப்பாத்தியிருக்கான் சார்."

"அது வேற டாப்பிக்"ன்னாரு.

வேற டாப்பிக்காம். அதுக்கு மேல அந்த ஆளை 'அவரு'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

விசாரணைய நடத்த கோலாலம்பூர்ல இருந்து ஷாமினின்னு ஒரு அம்மா வந்திருந்தாங்க. கம்பெனி மனிதவளப் பிரிவுல பெரியவங்க. கண்ணாடி ரூம், நீள மேசை. ஒரு பக்கம் அந்தம்மா லேப்டாப்போட, பக்கத்துல பிரஷாந்தன். எதுத்தாப்புல, எனக்குப் பக்கத்துல தேவன், துவைச்சுத் தேச்ச சட்டை, மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருக்கான். அந்தம்மா மலாய்ல ஆரம்பிச்சாங்க. தேவன் முழிக்கறதப் பாத்துட்டுத் தமிழுக்கு மாறுனாங்க. பரவால்ல, இந்த ஆபீஸ்ல கண்ணு இருக்கற ஒரு ஆளைப் பாத்தேன்.

"குமுதா, தேவன் பாதுகாப்புப் பாடத்தை முடிச்சாரா?"

"இல்லைங்க மேடம்."

பிரஷாந்தன் நிமிந்தான். "ரெக்கார்டுல முடிச்சதா இருக்கு."

"ரெக்கார்டுல இருக்கும். முடிச்சது நான். தேவனுக்கு மட்டுமில்ல, இருபத்தாறு பேருக்கும் நான்தான் எழுதுனேன். அவன் அந்தக் கேள்வியக் கண்ணால கூடப் பாக்கல."

பிரஷாந்தன் நாக்காலிய மேசைகிட்ட இழுத்துக்கிட்டான்.

"மேடம், இவங்க உணர்ச்சிவசப்பட்டுப் பேசறாங்க"ன்னான் பிரஷாந்தன். "கூட வேலை செய்யறவரைக் காப்பாத்த ஏதாவது சொல்லுவாங்க. எங்க ஃபேக்டரி கற்றல்ல முதலிடம், விருது வாங்கியிருக்கோம்."

"பாடத்த ஓபன் பண்ணுங்க மேடம்"ன்னேன். "எந்தப் பாடம் வேணும்னாலும். கேள்விய நீங்க படிக்க வேணாம், நம்பரை மட்டும் சொல்லுங்க."

ஷாமினி என்னை ஒரு நிமிசம் பாத்தாங்க. அப்புறம் லேப்டாப்ப அவங்க பக்கம் திருப்பிக்கிட்டாங்க. "பாதுகாப்பு. ஒண்ணு?"

"இ."

"ரெண்டு?"

"அ."

"ஒன்பது?"

"ஈ. பதினேழு ஆ. தலைமைத்துவத்துல ஏழாவது இ, 'என் குழுவின் குரலைக் கேட்பேன்'. கருப்பம்மாக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம், அதுவும் அதே 'இ'தான் போட்டிருக்கு. பசியாறற கால் மணி நேரத்துல நாலு பேரு பாஸ். வேணும்னா நேரத்தப் பாருங்க, எல்லாம் ஒரே கால் மணியில இருக்கும்."

அந்தம்மா தட்டித் தட்டிப் பாத்தாங்க. முகம் மாறல, ஆனா தட்டறது நின்னு போச்சு. "இந்த நேரங்களை யாருமே பார்க்கலையா பிரஷாந்தன்?"

"சிஸ்டம் ஃபிளாக் பண்ணல மேடம்"ன்னான்.

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது, ஆனா சிரிச்சுட்டேன். "சிஸ்டம் எப்படிச் சொல்லும்? கேடயத்தக் கையில வச்சுக்கிட்டு இருக்கறவன் கேட்டாத்தான சொல்லும்? பத்து படி எறங்கி வந்து, 'தேவா, கருகல் வந்தா என்ன செய்வ?'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா மொத நாளே வெளங்கியிருக்கும். கேக்கல. மேடம், நான் செஞ்சது திருட்டு வேலை, ஒத்துக்கறேன், தண்டனையக் குடுங்க. இந்தாளு செஞ்சதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியல."

"போதும் குமுதா"ன்னாங்க ஷாமினி. அதட்டல் இல்ல, ஆனா நான் வாய மூடிக்கிட்டேன்.

கொஞ்ச நேரம் டைப் பண்ணாங்க. அப்புறம் நிதானமாச் சொன்னாங்க. "பயிற்சி கொடுக்காத விதியை மீறினதா ஒருத்தர் மேல குற்றம் சாட்ட முடியாது. தேவன் மேல இருக்கற குற்றச்சாட்டு நிக்காது. மத்தவங்களுக்கு ஒரு மாசம் தரேன், அவங்களே பரிட்சை எழுதட்டும், யாராவது பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டலாம். குமுதா, உங்க விசயம் தனி. நீங்க இன்னைக்கே இடைநீக்கம். அது எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். பதினேழு வருசம் அந்த ஒரு வரியில முடிஞ்சு போச்சு. வலிக்கலைன்னு சொன்னாப் பொய். ஆனா தேவன் பொழச்சுட்டான், காம்பார்ல அந்தப் புள்ள படிப்பு பொழச்சுருச்சு. பிரஷாந்தன் மூஞ்சியப் பாத்தேன், கேடயம் கையில இருந்து நழுவுற மூஞ்சி. போதும்டா சாமின்னு எந்திரிக்கப் போனேன்.

"ஒரு நிமிசம்"ன்னாங்க ஷாமினி. "தேவன், ரெக்கார்டுக்காக ஒண்ணு கேக்கணும். விதி என்னன்னு இப்ப நானே உங்களுக்குச் சொல்றேன். கருகல் வாடை வந்தா படம் எடுத்து ஆப்ல ஏத்தணும், ஒப்புதல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். சரியா, தப்பாங்கறத நான் கோலாலம்பூர்ல பேசறேன். மாத்தற வரைக்கும் இதுதான் விதி. புரிஞ்சுதா?"

"வெளங்குது மேடம்."

"அடுத்த தடவை அப்படி வாடை வந்தா என்ன செய்வீங்க?"

அந்தம்மா கதவத் தொறந்து வச்சுட்டாங்க, அவன் நடந்து வெளிய போனாப் போதும். படம் எடுப்பேன் மேடம், ரெண்டே வார்த்தை. பிரஷாந்தன் முன்னால சாஞ்சான். நான் மேசைக்கடியில தேவன் கால ஓங்கி மிதிச்சேன். சொல்லித் தொலைடா, பொய்யா இருந்தாலும் சொல்லித் தொலை, என் வேலையக் குடுத்து உனக்கு வாங்கின எடம்டா இது.

தேவன் ரெண்டு கையையும் மேசை மேல வச்சுக்கிட்டு, மெதுவா, மரியாதையா, அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொன்னான்.

"பட்டனைத்தான் மேடம் அமுக்குவேன்."

"நான் இப்பத்தான விதியைச் சொன்னேன்?"

"சொன்னீங்க மேடம். ஆனா அங்க கருப்பம்மாக்கா நிப்பாங்க."

ஷாமினி விரலு அந்தரத்துலயே நின்னுச்சு. பிரஷாந்தன் நாக்காலியில நல்லாச் சாஞ்சு உக்காந்துக்கிட்டான், அவன் மூஞ்சிக்கு உயிரு திரும்பி வந்துச்சு.

கெடுத்தான் பாவி. எல்லாத்தையும் கெடுத்தான். எனக்கு அவனை அங்கயே நாலு அறை அறையணும் போல இருந்துச்சு. அறையறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை? பதினஞ்சு வருசத்துக்கு முன்ன, அவன் வேலைக்கு வந்த மொத வாரம், அந்த அடுப்பு வாசல்ல நிக்க வச்சு, இப்படித்தான்டா செய்யணும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்தான்.